முழு மனதோடு பின்பற்றுவதும் சந்தோஷமும்: சீஷத்துவ வகுப்பில் எதை முதலில் கற்பிப்பது?

கேள்வி – ஓலைச்சுவடி

கர்த்தருடைய நாமத்தில் எல்லாருக்கும் வாழ்த்துக்கள்.

ஞானஸ்நானம் எடுத்து ஓரிரு வருடமான வாலிபர்களுக்காக ஒரு சீஷத்துவப் பாடம் தயாராகிறது. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். லூக்கா 14:25-33-ஐ எடுத்தாலே வகுப்பு இறுகிப்போகிறது. தாய் தகப்பனை வெறுக்காதவன், தன் சிலுவையைச் சுமக்காதவன், தனக்குண்டான எல்லாவற்றையும் விட்டுவிடாதவன் ‘எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்’ என்று 26, 27, 33 ஆகிய மூன்று வசனங்களிலும் ஆண்டவர் சொல்கிறார். கேட்கிறவர்களுக்கு அது ஒரு தண்டனைச் சட்டம்போல விழுகிறது. அடுத்த வாரம் யோவான் 15:11-இல் ‘உங்கள் சந்தோஷம் நிறைவாகும்படிக்கும்’ என்று வாசித்தால், போன வாரம் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விழிக்கிறார்கள்.

மூன்று விஷயங்களில் அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள். இந்த இரண்டையும் எந்த வரிசையில் வைப்பது? தினமும் வேதம் வாசித்து, பாடகர் குழுவிலும் ஊழியத்திலும் ஓடியும் ‘உள்ளே ஒன்றுமே இல்லை’ என்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில்? கடைசி வாரத்தில் அர்ப்பணிப்பு அட்டையில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சரியா?

பதில் – நாளாகம வாசகர்

ஐயா, மத்தேயு 13:44-ஐ முதல் வாரத்தில் வையுங்கள். லூக்கா 14 நான்காம் வாரம் வரட்டும். நிலத்தில் பொக்கிஷத்தைக் கண்டவன் ‘அதைப்பற்றிய சந்தோஷத்தினாலே போய்’ தனக்குண்டான எல்லாவற்றையும் விற்கிறான். கண்டான், மகிழ்ந்தான், பிறகு விற்றான். எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்தபின் கூலியாகச் சந்தோஷம் கிடைத்தது என்று அங்கே எழுதவில்லை. மத்தேயு 19-இல் வரும் வாலிபனிடமும் ‘விற்று’ என்றுதான் ஆண்டவர் சொன்னார். அவனோ துக்கமடைந்தவனாய்ப் போய்விட்டான். கேட்கப்பட்ட விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவன் கண்ணில் பொக்கிஷம் இருந்தது, மற்றவன் கண்ணில் அவனுடைய ஆஸ்திதான் இருந்தது. லூக்கா 14-இலிருந்து தொடங்கினால் வகுப்பு முழுவதையும் அந்த வாலிபன் நின்ற இடத்தில் நிறுத்திவிடுகிறோம். முதல் மூன்று வாரமும் கிறிஸ்து யார், அவர் என்ன செய்தார், நமக்கு என்ன கொடுத்திருக்கிறார் என்பதற்கே போகட்டும். விலையைப் பற்றி அதற்குள் பேச வேண்டாம்.

இன்னொரு யோசனை. முழு மனமும் சந்தோஷமும் பின்னிக்கிடப்பதைக் காட்ட, வம்ச அட்டவணைக்குப் பயந்து பலர் தாண்டிப்போகிற நாளாகமப் புத்தகங்களுக்கு நிகரே இல்லை.

1 நாளாகமம் 29-இல் ஆலயத்துக்காகத் தாவீது தன் சொந்தச் சொத்திலிருந்து 3,000 தாலந்து பொன்னும் 7,000 தாலந்து வெள்ளியும் கொடுக்கிறான். பிரபுக்களும் கொடுக்கிறார்கள். 9-ஆம் வசனம், மனப்பூர்வமாய்க் கொடுத்ததற்காக ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள் என்கிறது. கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம் ஏன் அவர்களுக்கு வரவில்லை? 14-ஆம் வசனத்தில் தாவீதே ஜெபத்தில் சொல்கிறான்: உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம். தன்னுடையது என்று நினைத்ததைக் கொடுக்கிறவனுக்குத்தான் வலிக்கும்.

2 நாளாகமம் 15-இல் யூதாவின் ராஜா ஆசா தன் 15-ஆம் வருஷத்தில் ஜனங்களைக் கூட்டி உடன்படிக்கை செய்கிறான். முழு இருதயத்தோடும் ஆணையிட்டதால் யூதா முழுவதும் அந்த ஆணைக்காகச் சந்தோஷப்பட்டது. அதே ஆசா 36-ஆம் வருஷத்தில் இஸ்ரவேலின் ராஜாவுக்குப் பயந்து, கர்த்தருடைய ஆலயத்தின் பொக்கிஷத்திலிருந்தே வெள்ளியும் பொன்னும் எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்புகிறான். அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் போடுகிறான். ஒருநாள் முழு மனதாயிருந்தது, பார்க்காமல் விட்டால் இருபது வருடத்தில் பாதியாகிவிடும் என்று வாலிபர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான இடம் தெரியவில்லை.

மூன்றாவது உதாரணம், யூதாவின் ராஜாவாகிய அமத்சியா. ‘கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடே அப்படிச் செய்யவில்லை’ (2 நாளாகமம் 25:2). யுத்தத்துக்காக இஸ்ரவேலில் லட்சம் பேரை 100 தாலந்து வெள்ளிக்குக் கூலிக்கு எடுக்கிறான். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதே என்று தேவனுடைய மனுஷன் சொல்கிறான். அமத்சியாவின் முதல் கேள்வி: நான் கொடுத்த நூறு தாலந்துக்கு என்ன செய்கிறது? அதிலும் அதிகமாய்க் கர்த்தர் கொடுக்கக்கூடும் என்று பதில் வருகிறது. கீழ்ப்படிகிறான், ஜெயிக்கிறான். ஜெயித்த கையோடு ஏதோமியரின் தெய்வங்களைக் கொண்டுவந்து அவற்றை வணங்குகிறான். இந்த அதிகாரத்தில் கீழ்ப்படிதல் இருக்கிறது, வெற்றியும் இருக்கிறது. அவன் மகிழ்ந்தான் என்று ஓரிடத்திலும் இல்லை. உங்கள் இரண்டாம் கேள்வியின் ‘எல்லாம் செய்கிறேன், உள்ளே ஒன்றுமில்லை’ என்பது பல சமயங்களில் அமத்சியாவின் நிலைதான். ஒரு கை கொடுக்கிறது, மறு கை நூறு தாலந்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. அரைமனம் முழு மனதைவிட அதிகக் களைப்பைத் தரும், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அதே தீர்மானத்தைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஐந்தாம் வாரத்தில் ஒரு பயிற்சி. ஆளுக்கு ஒரு தாள், நாற்பது நிமிட மௌனம். நேரம், பணம், உறவு, எதிர்காலம் என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் ‘இதை மட்டும் கேட்காதேயும்’ என்று மனம் சொல்லும் ஒன்றை எழுத வேண்டும். தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. பிறகு நான்கில் ஒன்றைத் தேர்ந்து, ஏழு நாளுக்குள் செய்யக்கூடிய ஒரு செயலாக மாற்றி, நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லிவைக்க வேண்டும்.

இது மூன்று விதமாகக் கெட்டுப்போகும். ‘என் சுயம்’, ‘உலக ஆசை’ என்று பொதுவாக எழுதுவார்கள். அதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘இரவு பதினொன்றுக்கு மேல் கைபேசி’, ‘அண்ணனோடு பேசாமலிருப்பது’ என்கிற அளவுக்கு இறங்க வேண்டும். சிலர் ஏற்கெனவே விட்டுவிட்ட ஒன்றை எழுதுவார்கள். வேறு சிலர் உணர்ச்சிவேகத்தில் படிப்பையே விடுகிறேன் என்று எழுதுவார்கள். அவர்களுக்கு 2 கொரிந்தியர் 8:12-ஐக் காட்டுங்கள்: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்.

பதில் – சூரைச்செடி

வரிசையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. இரண்டாம் கேள்விக்குச் சொன்ன பதிலில் எனக்கு ஒரு பயம் உண்டு. வறட்சி என்று ஒருவர் வாயைத் திறந்ததும் ‘எதையோ பிடித்துவைத்திருக்கிறாய்’ என்று சொல்லிவிடாதீர்கள். யோபுவின் சிநேகிதர் செய்தது அதுதான். கடைசியில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் வந்தது.

1 இராஜாக்கள் 19-ஐப் பாருங்கள். கர்மேலில் அக்கினி இறங்கிய சில நாளிலேயே எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் கண்டிக்கவில்லை, பாவத்தை விசாரிக்கவில்லை. தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், மறுபடி தூங்கவிடுகிறான், இரண்டாம் தரமும் சாப்பிடச் சொல்கிறான். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்கு வந்துசேர்ந்த பிறகே வருகிறது. அதன்பின் எலிசா என்ற துணையும், பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் உண்டு என்ற செய்தியும். தூக்கம், உணவு, துணை, வேலைப் பகிர்வு என்று எவ்வளவு சாதாரணமான மருந்துகள்!

ஆகவே அந்த வாலிபரிடம் ஆவிக்குரிய கேள்விகளுக்கு முன்னே இவற்றைக் கேளுங்கள். இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம்? வாரத்தில் எத்தனை மாலை சபை வேலைக்குப் போகிறது? ஒன்றும் செய்யாத அரைநாளாவது உண்டா? மனம்விட்டுப் பேச ஒருவராவது இருக்கிறாரா? பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம், சுவிசேஷ ஊழியம் என்று நான்கிலும் இருப்பவரை நான்கு வாரத்துக்கு ஒன்றில் மட்டும் இருக்கச் சொல்லுங்கள். மற்றவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்பதை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். அவரிடம் விட்டால் நடக்காது. மோசேயின் மாமன் எத்திரோ அவனிடம் ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை வைக்கச் சொன்னது ‘நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்’ என்பதற்காகத்தான். சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாதபோது, தனித்துச் சற்றே இளைப்பாறுங்கள் என்று அழைத்தவர் ஆண்டவரே (மாற்கு 6:31).

களைப்பா, மனக்கசப்பா என்று பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. களைத்தவர் ‘என்னால் முடியவில்லை’ என்பார். சந்தோஷம் புளித்துப்போனவர் மற்றவர்களைக் கணக்கெடுப்பார். என் சகோதரி என்னைத் தனியே வேலைசெய்ய விட்டாள் என்கிறாள் மார்த்தாள். கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த குமாரனோ இத்தனை வருஷம் ஊழியஞ்செய்தும் ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை என்கிறான். அந்தத் தொனி கேட்டால் ஓய்வு மட்டும் போதாது. லூக்கா 15:31-இல் தகப்பன் சொன்ன பதிலோடு உட்காரவையுங்கள்: ‘மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது.’ அவன் கூலிக்காரனைப்போல வாழ்ந்தான். வீடோ முதலிலிருந்தே அவனுடையது.

இவை இரண்டிலும் சேராத ஒரு மந்தமும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாகிரியு என்ற துறவி அதை நுணுக்கமாக எழுதியிருக்கிறார். பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும், சூரியன் நகராததுபோல இருக்கும், ஜன்னலையே பார்க்கத் தோன்றும், இந்த இடத்தை விட்டு வேறிடம் போனால் தேவனை இதைவிட நன்றாகச் சேவிக்கலாம் என்று மனம் சொல்லும். இடத்தை விட்டு ஓடாதே, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு வைத்து அதை முடிக்கும்வரை விடாதே என்பது அவர் சொன்ன மருந்து. சபை சபையாக மாறிக்கொண்டிருக்கும் வாலிபருக்கு இது நேராகப் பொருந்தும். ஜெபத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துத் தினமும் தோற்பதைவிட, பத்து நிமிடம் என்று வைத்து அந்தப் பத்தை முழுதாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டிருக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, பிடித்த எதிலும் நாட்டமில்லை, சாவைப் பற்றிய நினைவு வருகிறது என்றால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். ஜெபத்தையும் விட வேண்டாம், மருந்தையும் தடுக்க வேண்டாம். அர்ப்பணிப்புக் குறைவு என்ற பழியை அந்த நேரத்தில் ஏற்றுவது பெரும்பாவம்.

பதில் – மாலைச்செபம்

கத்தோலிக்க மரபிலிருந்து சிறு சேர்க்கை. புனித லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்த விதிகளில் ஒன்று இந்த வகுப்புக்கு அப்படியே உதவும்: மனம் வறண்டிருக்கும் காலத்தில் எந்தப் பழைய தீர்மானத்தையும் மாற்றாதே; மனம் தெளிவாயிருந்தபோது எடுத்த முடிவிலேயே நில். செபம் கசக்கும் நாளில் குறித்த நேரத்தைக் குறைக்காமல் சற்றே நீட்டச் சொல்கிறார், சோதனைக்கு எதிராக நடக்கப் பழக வேண்டும் என்பதற்காக. மேலே சூரைச்செடி சொன்ன பத்து நிமிடத்தோடு இது மோதாது. அளவு சிறியதாயிருக்கட்டும், வறண்ட நாளில் அது பன்னிரண்டாகட்டும்.

இரவில் கால் மணி நேரம் அவர் சொன்ன ஐந்து படிகளில் நாளைத் திரும்பிப் பார்க்கலாம்: நன்றி, ஒளிக்காக மன்றாட்டு, அன்றைய நாளை மணி மணியாகப் பார்ப்பது, மன்னிப்பு, மறுநாளுக்கான தீர்மானம். நன்றி முதலில் இருப்பதைக் கவனியுங்கள். பலரும் நேராகப் பாவக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பழக்கமே பாரமாகிவிடுகிறது.

பதில் – உட்கார்ந்துகணக்கிடு

மூன்றாம் கேள்வியை யாரும் தொடவில்லை. கூட்டத்தின் கடைசியில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அட்டையை நீட்டிக் கையெழுத்து வாங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். லூக்கா 14-ஐக் கவனித்து வாசியுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முன்பு ‘உட்கார்ந்து’ செலவைக் கணக்குப் பார்க்கிறான். 10,000 பேரோடு 20,000 பேரை எதிர்க்கப்போகும் ராஜாவும் முன்பு ‘உட்கார்ந்து’ ஆலோசிக்கிறான். எழுந்து முன்னே வா என்று அவசரப்படுத்துகிற இடமாக ஆண்டவர் அதை வைக்கவில்லை. திரளான ஜனங்கள் தம்மோடு நடந்துவருகையில் அவர் திரும்பிப் பார்த்து இதைச் சொன்னார் என்று 25-ஆம் வசனம் தொடங்குகிறது. கூட்டம் பெருகும்போது வேகத்தைக் குறைக்கச் சொன்னவர் அவர்.

அட்டை வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். ஏழாம் வாரத்தில் வெற்று அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் முழுவதும் அவர்களிடம் இருக்கட்டும். எழுதுவது ஒரே ஒரு காரியம், முடியும் தேதியோடு. மூன்று மாதத்துக்கு மேல் போக வேண்டாம். ‘என் வாழ்நாள் முழுவதும்’ என்ற வாசகத்தை நீங்களே அச்சடித்துக் கொடுக்காதீர்கள். பொருத்தனை பண்ணிச் செலுத்தாமலிருப்பதைவிடப் பொருத்தனை பண்ணாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. எழுதாதவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. கொடுத்த வார்த்தை முறிந்த வெட்கத்தால் சபையை விட்டே விலகுகிறவர்கள் உண்டு; அவர்களுக்கு யோவான் 21-ஐச் சொல்லிவையுங்கள். மரணத்திலும் பின்வாங்கேன் என்று சொல்லிவிட்டு அவரை மறுதலித்த பேதுருவிடம் ஆண்டவர் புதிய சபதம் எதையும் கேட்கவில்லை. ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தரம் கேட்டார், உடனே வேலையைக் கொடுத்தார்.

லூக்கா 14:26-இல் தாய் தகப்பனை ‘வெறுக்க’ வேண்டும் என்ற இடத்தைத் தனியாக விளக்கியே ஆக வேண்டும். மத்தேயு 10:37 பக்கத்தில் இருக்கட்டும்: என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் என்று அங்கே இருக்கிறது. முதலிடம் யாருக்கு என்பதே கேள்வி. மாற்கு 7:9-13-உம் கட்டாயம் வேண்டும். கொர்பான் என்று சொல்லி, தேவனுக்கு அர்ப்பணித்துவிட்டேன் என்ற பெயரில் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களை ஆண்டவர் கண்டித்தார். ஊழியம் என்று சொல்லி வீட்டு வேலையிலிருந்து நழுவுகிற வாலிபனுக்கு முழு மனதைக் கற்றுக்கொடுக்கும் முதல் இடம் வீடுதான்.

ஓலைச்சுவடி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டு வாரத் திட்டத்தை மறுபடி எழுதப்போகிறோம். ஒரு சின்னக் கேள்வி மட்டும். உள்ளே தோண்டிக்கொண்டே இருந்து குழம்பிப்போகிற சுபாவமுள்ளவர்கள் ஓரிருவர் உண்டு. ஐந்தாம் வாரத் தாள் அவர்களை நொறுக்கிவிடாதா?

பதில் – நாளாகம வாசகர்

நொறுக்கக்கூடும். நல்ல கேள்வி கேட்டீர்கள். சூரைச்செடியின் திருத்தத்தையும் ஏற்கிறேன். தாளுக்கு முந்தின வாரமே தூக்கத்தையும் வேலைப்பளுவையும் விசாரித்துவிடுங்கள்.

அப்படிப்பட்டவர்களுக்குத் தாளைக் கொடுக்காமல் பிலிப்பியர் நிருபத்தைக் கொடுங்கள். 104 வசனம்தான், சத்தமாக வாசித்தாலும் இருபது நிமிடத்துக்குள் முடியும். ஏழு நாளும் ஒரே மூச்சில் முழுவதையும் வாசிக்கட்டும், ஆராய வேண்டாம். சிறையில் கட்டுண்டிருக்கிற பவுல் எழுதிய கடிதம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாளுக்குள் தங்களைப் பற்றிய விசாரணை கொஞ்சம் ஓய்ந்து, பவுலின் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்குவார்கள். 3:7-8-இல் லாபமாயிருந்ததை எல்லாம் நஷ்டமென்றும் குப்பையென்றும் அவர் சொல்லும்போது அதில் அழுகை இல்லை. இன்னும் பெரியதைக் கண்டவனின் பேச்சு அது. மத்தேயு 13:44-இல் நிலத்தை வாங்கியவனும் இப்படித்தான் பேசியிருப்பான்.

வாசிப்பு முடிந்தபின் 4:2-ஐயும் 4:4-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்பது சுவரில் மாட்டுகிற வசனமாகிவிட்டது. அதற்கு இரண்டு வசனம் முன்னேதான் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களும் ஒரே சிந்தையாயிருக்க வேண்டும் என்று பவுல் பெயர் சொல்லிக் கேட்கிறார், அவர்களுக்கு உதவும்படி வேறொருவரையும் நியமிக்கிறார். இருவரும் சுவிசேஷத்துக்காக அவரோடு போராடினவர்கள். வகுப்பில் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேர் இருந்தால், எட்டாம் வாரத்துக்கு முன் நீங்களே நடுவில் உட்கார்ந்து அதை முடித்துவையுங்கள். தள்ளிப்போட்டால் அட்டை எழுதும் நாளில் இருவரும் எல்லாவற்றையும் எழுதுவார்கள், அதை மட்டும் எழுதமாட்டார்கள்.